கழுவியும் போகாத மஞ்சள்

பிப்ரவரி 20, வியாழன்

கண்ணுக்கு மருந்து விட்டதை வேளாவேளைக்குக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உரக்கடையில் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். புரை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. இன்றைக்குப் போய்க் காட்டினோம், நன்றாக இருக்கிறதாம். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரைக்கும் வெளியே வந்தால் கறுப்புக் கண்ணாடி.

போன இடத்தில் புதுச் சனியன் ஒன்று. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை இருக்கிறதாம். அறுபத்தெட்டு வயது வரைக்கும் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் கிடையாது. "வயசானா வர்றதுதானுங்கம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதலாம் அல்லவா? சென்னியப்பன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் நாற்பது வருடம் தரம் பார்த்தவர். விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்தால் எந்தச் சீமையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். கட்டின பெண்டாட்டி புதுச் சேலை கட்டியிருந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

பிப்ரவரி 28, வெள்ளி

முகத்தில் தண்ணீர் படலாம் என்று சொன்ன நாள் இன்றைக்குத்தான் வந்தது. முதல் வேலையாகக் குண்டு மஞ்சளைக் கல்லில் உரைத்துப் பூசிக் குளித்தேன். இரண்டு வாரமாக என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. இந்த இரண்டு வாரம் போக, கல்யாணமாகி வந்ததிலிருந்து மஞ்சள் பூசாத வெள்ளிக்கிழமை கிடையாது. மண்டிக்காரர் பெண்டாட்டிக்கு மஞ்சளுக்கா பஞ்சம்?

கத்தரிக்காய் பொரியலும் ரசமும் வைத்தேன். இவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை, எண்ணெய் வாசமே குமட்டுகிறது.

மார்ச் 6, வியாழன்

உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. சர்க்கரை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன்.

நங்கையா வந்திருந்தார். இவருடைய அக்கா, பக்கத்துத் தெருவில் இருக்கிறார். எழுபத்தைந்து வயது, நாக்குக்கு மட்டும் இருபது. "ஏன் தெய்வாத்தா, இப்பிடி எளைச்சுப் போட்டே? என்ற தம்பி சோறு போடறதில்லையா?" என்றார்.

"சர்க்கரைக்கு வாயக் கட்டறேனுங்க நங்கையா."

வாயை நான் எங்கே கட்டினேன்? அது தானாகக் கட்டிக்கொண்டது. ரவிக்கைகளை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் ஒன்றுக்குப் போனபோது பார்த்தேன், கடுங்காப்பி நிறம். வெயில் இப்போதே இப்படிக் கொளுத்தினால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும்?

பின்பக்கத்தில் முளைத்திருந்த கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கிக் குடித்தேன். உடம்புக்குக் குளிர்ச்சி என்றுதான். வேறொன்றுமில்லை.

இவர் பார்த்துவிட்டார். "கீழாநெல்லி என்னத்துக்கு?"

"சூட்டுக்குங்க."

"ம்" என்றார். நான் வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவிக் கவிழ்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் கழுவின முதல் டம்ளர் இதுதான். என்ன கேடோ தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மஞ்சள் இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பூசிக்கொண்டேன். காதுக்குப் பின்னால், கழுத்து, கை எல்லாம். வெள்ளிக்கிழமை அல்லவா.

குளித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை ஒருதரம் பார்த்தேன். உடனே மாட்டிக்கொண்டேன். குளியலறையில் இருக்கிற குண்டு பல்புக்கு எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழி வேறு. நாசமாய்ப் போன பழமொழி, இந்த நேரத்தில்தானா ஞாபகம் வரவேண்டும்?

மார்ச் 20, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். பெரிய மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டித் திருவிழா தொடங்கியாயிற்று. வீடு கழுவ வேண்டும், மாவிடிக்க வேண்டும். "திருவிழா முடியட்டுமுங்க, அப்பறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

இவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சும்மா விட்டுவிட்டாரே, அதுதான் ஏனென்று புரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கோயிலில் ஆத்தாளுக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். விடிகாலையில் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றினேன். குடத்தைத் தூக்க முடியவில்லை. பாதி வழியில் இரண்டுதரம் இறக்கி வைத்தேன்.

மகள் மேகலா திருப்பூரிலிருந்து போன் பண்ணினாள். "கோயமுத்தூர் வந்து உடம்பு பூரா ஒருக்காப் பார்த்துரலாம்ங்கம்மா. அப்பா ரொம்ப வெசனப்படறாருங்க."

"கம்பம் நட்டாச்சு கண்ணு. ஊரத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கம்பம் எடுக்கட்டும்."

இது நானாக உண்டாக்கின சட்டம் இல்லை. எங்கள் அம்மா காலத்திலிருந்து இருக்கிறது. போனை வைத்தபோது மனசுக்கு எத்தனை நிம்மதி! ஆத்தா புண்ணியவதி, இரண்டு வாரம் கொடுத்திருக்கிறாள்.

அப்பா எதற்கு வெசனப்படுகிறார்?

மார்ச் 27, வியாழன்

அந்தக் காலத்தில் எங்கள் அண்ணன் ராக்கியப்பனுக்கும் முதலில் அரிப்புத்தான் வந்தது. பிறகு கண் மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள், பார்த்தார்கள், அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் முடிந்துபோனது. "கத்தி படாம இருந்தா எம்பையன் இன்னும் நாலு வருசம் இருந்திருப்பான்" என்று அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்? முருங்கை காய்த்துத் தள்ளியிருக்கிறது. நங்கையா வீட்டுக்கு ஒரு கட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

வெளிக்குப் போவது வெளுத்துப் போகிறது, சுண்ணாம்பு நிறம். இதற்கு என்ன காரணம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இவர் ஜவுளிச் சந்தைக்குப் போய் ஒரு சோடி வெள்ளைத் துண்டு வாங்கி வந்தார். பாலாட்டம் வெள்ளை.

"நம்ம வீட்டுக்கு வெள்ளைத் துண்டு எதுக்குங்க? நான் ஒருக்காத் தொடச்சா மஞ்சளாயிருமல்ல?" என்றேன். பீரோவில் வைத்துவிட்டுப் போனார். கிறுக்குப் பிடித்திருக்கிறது மனுசனுக்கு.

ஏப்ரல் 5, சனி

கம்பத்தை எடுத்துக் காவிரியில் விட்டுவிட்டார்கள். ஊர் முழுக்க மஞ்சள் தண்ணீர். பெண்கள் எல்லாம் குடமும் வாளியுமாகத் தெருவில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் ஊற்றினார்கள். போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் காட்டினார். நானும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன். இந்த ஒரு நாள் ஊருக்கே என் நிறம். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. சின்னப் பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் எல்லோரும் குளித்தார்கள். நங்கையா குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு பழைய நிறத்தில் வந்து உட்கார்ந்தார். இவர் குளித்துவிட்டு என்னிடம் வந்தார். ஒரு கையில் சோப்பு, ஒரு கையில் அந்தப் புது வெள்ளைத் துண்டு.

"மூஞ்சிய நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

"இருக்கட்டுமுங்க. ஆத்தா மஞ்சள், இன்னிக்கு ஒரு நாள்..."

"கழுவிட்டு வா தெய்வா."

பேர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. போய்க் கழுவினேன். இன்னொருதரம் போடச் சொன்னார். போட்டேன். துண்டைக் கொடுத்து அழுத்தித் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். வாங்கிப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

பிறகு என் தாடையைப் பிடித்து முகத்தை வெயில் பக்கம் திருப்பினார். "இது எங்க மண்டி மஞ்சளில்ல புள்ள" என்றார்.

"எப்பத் தெரியுமுங்க?"

"நீ கீழாநெல்லி குடிச்சியே, அதுக்கு முந்தியே தெரியும். நாப்பது வருசம் மஞ்சளையே பார்த்துக்கிட்டு இருந்தவனுக்கு இது தெரியாதா? கேட்டுப்போட்டா நெசமாயிருமோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இவர் அந்தச் சோற்றை வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அழுதேன். பாவி மனுசா, ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று திட்டினேன். நங்கையா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கோயமுத்தூர். மேகலா லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார இடமில்லை. எல்லாம் எங்கள் வயசு, எங்களுக்கு மேல். பாலக்காட்டிலிருந்து ஒரு அம்மா. அஸ்ஸாமிலிருந்து ரயிலேறி வந்த பெரியவர் ஒருவர், பாஷை தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார், கண் மஞ்சள். மஞ்சள் பூசாத ஊர்க்காரர்களும் மஞ்சளாக உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். மேகலா வயசுகூட இருக்காது. "எத்தனை நாளா மஞ்சளா இருக்குதுங்கம்மா?" என்று கேட்டாள். நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஒரு மாசமிருக்குமுங்க" என்றார் இவர்.

"ஒரு மாசமா என்ன பண்ணுனீங்க?"

"பூசி மறைச்சேனுங்க" என்று நான் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வலியில்லாத காமாலை, புதுசா ஒரு சர்க்கரை, எளைப்பு. வயசானவங்களுக்கு இதெல்லாம் சேர்ந்து வந்தா உடனே ஸ்கேன் பார்க்கோணுமுங்க. கல்லீரல், பித்தக்குழாய், கணையம், இந்தப் பக்கத்துப் புத்துநோயெல்லாம் நம்ம ஊர்ல மட்டுமில்ல, உலகம் பூரா வயசானவங்களுக்குக் கூடிக்கிட்டு இருக்குது. ஆயுசு கூடுதல்லங்க, இதுவும் கூடவே வருது. நெறையப் பேரு முத்துனதுக்கப்பறந்தான் வர்றாங்க" என்றாள்.

புற்று. அந்த வார்த்தையை எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஸ்கேன் வந்துவிட்டது. பித்தக்குழாய் கணையத்துக்குள் போகிற இடத்தில் கட்டி. பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் கலந்திருக்கிறது. கல்லீரலுக்குப் போன மாதிரி தெரியவில்லையாம். வாய் வழியாக உள்ளே விட்டு ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். மஞ்சள் இறங்கினதும் பெரிய ஆபரேஷன் பண்ணலாம், அடுத்த வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள், தள்ளிப் போட்டால் எடுக்க முடியாமல் போனாலும் போகும் என்றாள் டாக்டரம்மா.

அண்ணனையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வேப்பம்பூ ரசம் வைத்தேன். அரிப்பு நின்றிருக்கிறது, குழாய் வேலை செய்கிறது. கண்ணும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இதோடு விட்டுவிட்டால் என்ன என்று மனசு கேட்கிறது.

நங்கையா வந்து தொடங்கிவிட்டார். "கத்தி பட்டா பரவிப் போயிரும் அம்மிணி. உங்கண்ணனுக்கு என்னாச்சு? இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறதுதான்."

மேகலா கோபத்தில் அழுதாள். இவரைப் பார்த்தேன். "உன்ற உடம்பு, நீதான் சொல்லோணும்" என்றார். ரசத்துக்குப் புளி எத்தனை என்பதில்கூட இத்தனை வருடம் மூக்கை நுழைத்த மனுசன். இதற்கு மட்டும் நானே சொல்ல வேண்டுமாம். ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருக்கிறது. செத்துப் போவேனோ என்று பயம், அறுத்துத்தான் செத்துப் போவேனோ என்று அதைவிடப் பயம்.

ஏப்ரல் 16, புதன்

டாக்டரம்மாவிடம் அண்ணன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அன்னிக்கு இந்த மாதிரி ஸ்கேன் கெடையாதுங்கம்மா. தொறந்து பார்த்தாத்தான் தெரியும். பரவியிருந்ததப் பார்த்துட்டுத்தான் மூடியிருப்பாங்க. கத்தி பட்டதால பரவலீங்க. பரவுனதுக்கப்பறம் கத்தி பட்டிருக்குது."

"எனக்கு நல்லாயிருமுங்களா?"

"அப்பிடி வாக்குக் குடுக்க மாட்டேனுங்க. பெரிய ஆபரேசன். ஆனா இன்னிக்கு எடுக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு வந்தீங்கன்னா எடுக்கலாமான்னு எனக்கே தெரியாது."

பொய் சொல்லாத பெண். அதனால்தான் சரி என்றேன். அம்மா பாவம், கத்தியைத் திட்டியே காலத்தைக் கழித்துவிட்டாள்.

ஏப்ரல் 23, புதன்

நாளைக்கு. கழுத்தில் காதில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று நர்சுப் பெண் சொன்னாள். தாலிக்கொடியை நான் கழற்ற மாட்டேன், கட்டினவரே கழற்றட்டும் என்றேன். இவருக்குக் கை நடுங்கி முடிச்சு வரவில்லை. கட்டும்போதும் இப்படித்தான் நடுங்கினார், அவருடைய அக்கா வந்துதான் முடிச்சுப் போட்டார். சொன்னேன், சிரித்தார். அப்புறம் ஒருவழியாக முடிச்சை அவிழ்த்துக் கொடியை வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.

மே 6, செவ்வாய்

இருக்கிறேன்.

மே 9, வெள்ளி

இரண்டு இட்லி சாப்பிட்டேன். வயிற்றில் ஒரு சாண் தையல். இருமினால் உயிர் போகிறது. முகம் பார்க்கிற கண்ணாடி கேட்டேன், மேகலா கொடுத்தாள். கண் வெள்ளையாக இருந்தது.

மே 24, சனி

வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. சமையல் நங்கையா பொறுப்பு, உப்பு ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைச்சல். வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன்.

மஞ்சள் பூசுவதை விட்டுவிட்டேன். நங்கையாவுக்குப் பொறுக்கவில்லை. "புருசன் இருக்கயில மஞ்சளில்லாத மூஞ்சியோட நிக்கறியே, பார்க்கறவ என்ன சொல்லுவா?" என்றார். "மஞ்ச வந்தா தெரியோணுமல்லங்க நங்கையா. அவரும் இருக்கோணும், நானும் இருக்கோணும்" என்றேன்.

தினமும் காலையில் இவர் என்னைப் பின்கதவு ஓரமாக வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார். மண்டியில் மூட்டையைப் பார்க்கிற அதே முகம். "வெள்ளையா இருக்குது" என்பார். பிறகு காப்பி கேட்பார்.

ஜூன் 6, வெள்ளி

இன்றைக்கும் இமையை இழுத்துப் பார்த்தார். "வெள்ளையா இருக்குது" என்றார். காப்பி கேட்கவில்லை. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். சிவந்து, இமை வீங்கியிருந்தது.

"கண்ணு என்னுங்க இப்பிடி?"

"வெங்காயம்."

"வெங்காயம் உரிச்சது உங்கக்கா."

வயிற்றிலிருந்து எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது, இரண்டு வாரத்தில் முடிவு வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதெல்லாம் தாண்டியாயிற்று. கேட்டால் இன்னும் வரவில்லை என்கிறார். மேகலா போன் பண்ணினால் வெயிலைப் பற்றியும் பக்கத்து வீட்டைப் பற்றியும்தான் பேசுகிறாள். மறைக்கிறவர்களை எனக்கா தெரியாது? அந்த வேலையில் நான் கை தேர்ந்தவள்.

"மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து சொல்லுங்க."

போய்க் கழுவிக்கொண்டு வந்தார். வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். முகத்தில் வைத்தவர் எடுக்கவேயில்லை. துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களாம். ஆனால் சுற்றியிருந்த நெறிக்கட்டுகளில் இரண்டில் புற்று இருந்ததாம். மருந்து ஏற்ற வேண்டுமாம், ஆறு மாதம். ஏற்றினால் மட்டும் போய்விடும் என்று சொல்ல முடியாதாம், ஏற்றாமல் விடக் கூடாதாம்.

கதவைப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியில் நங்கையா பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

"எப்ப வரச் சொன்னாங்க?"

"திங்கக்கெழமை. ஆனா நீ இன்னும் தேறோணும் புள்ள. ஆனி பொறக்கட்டும், நல்ல நாளாப் பார்த்து..."

"நாளுப் பார்த்த வரைக்கும் போதுமுங்க" என்றேன். "திங்கக்கெழமையே போலாம்."

துண்டை அவர் கையிலிருந்து வாங்கினேன். நனைந்திருந்தது. பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, சோடியில் மிச்சமிருந்த துண்டைப் பீரோவிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிப் பையில் வைத்தேன்.